கோச்சிடம் நல்ல பிள்ளையாக இருக்க வேண்டாம்

ஐந்து மாதம், வாரம் விட்டு வாரம் சனிக்கிழமை காலையில், ஜூமில் ஒரு லைஃப் கோச்சிடம், அதாவது கேள்வி கேட்டுக் கேட்டு நம் வழியை நாமே கண்டுபிடிக்க உதவுகிற ஒருவரிடம், பேசிக்கொண்டிருந்தேன். ஆபீஸில் யார் எதைக் கேட்டாலும் "சரி, பார்த்துடலாம்" என்று தலையில் போட்டுக்கொண்டு, தினமும் ஒன்பதரைக்கு மேல் வீடு வந்து, மகள் தூங்கிய பிறகு தனியாகச் சாப்பிடுகிற வாழ்க்கையை மாற்ற வேண்டும் என்பதுதான் காரணம். ஓரளவு மாறியது. அதைப் பார்த்த நண்பர்கள் எப்படி ஆள் தேடுவது, என்ன பேசுவது, காசு வீணாகாதா என்று கேட்கிறார்கள். எனக்குத் தெரிந்ததை, நான் தடுமாறிய இடங்களையும் சேர்த்து எழுதுகிறேன்.

ஆள் தேடுவதற்கு முன்னால் உங்கள் நிலைமையைக் கொஞ்சம் பாருங்கள். இரண்டு வாரமாகச் சரியான தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, எதிலும் பிடிப்பில்லை, இருந்து என்ன ஆகப்போகிறது என்று தோன்றுகிறது என்றால் கோச் வேண்டாம், மனநல மருத்துவரிடமோ உளவியலாளரிடமோ போங்கள். 14416 என்பது 2022இல் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் என்கிற மனநல உதவி எண். கட்டணம் கிடையாது, எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம். கோச் வைத்தியம் பார்க்கிறவர் இல்லை. அன்றாடம் ஓடிக்கொண்டிருக்கிறது, ஆனால் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப மாட்டிக்கொள்கிறோம் என்கிறவர்களுக்குத்தான் அவர் உதவுவார். நிலைமை அதைத் தாண்டிவிட்டது என்று தெரிந்தால் நல்ல கோச் தானாகவே சொல்லி மருத்துவரிடம் அனுப்பிவிடுவார்.

அடுத்தது, யாரிடம் போவது? இந்தியாவில் லைஃப் கோச் என்று சொல்லிக்கொள்ள லைசென்ஸ் எதுவும் வேண்டியதில்லை, யார் வேண்டுமானாலும் போர்டு மாட்டலாம். அதனால் விசாரிக்கிற வேலை முழுக்க நம் தலையில். 1995இல் அமெரிக்காவில் தொடங்கிய ஐசிஎஃப் என்கிற இன்டர்நேஷனல் கோச்சிங் ஃபெடரேஷன் மூன்று நிலைகளில் சான்றிதழ் கொடுக்கிறது. முதல் நிலையான ஏசிசிக்குக் குறைந்தது 60 மணி நேரப் படிப்பும் 100 மணி நேரம் கோச்சிங் செய்த அனுபவமும் வேண்டும். இரண்டாவது நிலையான பிசிசிக்கு இதே வரிசையில் 125 மணி நேரமும் 500 மணி நேரமும். மேல் நிலையான எம்சிசி என்றால் 200 மணி நேரமும் 2,500 மணி நேரமும். ஒருவர் சொல்வது உண்மையா என்பதை ஐசிஎஃப் தளத்தில் பெயரைப் போட்டே பார்த்துக்கொள்ளலாம். சான்றிதழ் இருந்துவிட்டால் போதும் என்று சொல்ல மாட்டேன், ஆனால் "எங்கே படிச்சீங்க, எத்தனை மணி நேரம் செஞ்சிருக்கீங்க" என்று கேட்டு நேரான பதில் வராத இடத்தில் பணம் கட்டாதீர்கள்.

பல கோச்சுகள் முதல் தடவை இருபது முப்பது நிமிடம் காசு வாங்காமல் பேசுவார்கள். இரண்டு மூன்று பேரிடமாவது பேசிப் பாருங்கள், அப்போது யார் வாய் அதிகம் ஓடுகிறது என்று கவனியுங்கள். நான் முதலில் பேசியவர் அரை மணி நேரத்தில் முக்கால்வாசியைத் தன் சொந்தக் கதைக்கே எடுத்துக்கொண்டார், கடைசியில் "இன்னைக்கு ராத்திரிக்குள்ள கட்டினா பாதி விலை" என்றார். அடுத்து பேசிய பெண் கோச் மொத்தமே நான்கைந்து கேள்விதான் கேட்டார். அதில் ஒன்று, "போன மாசம் என்னைக்காவது சீக்கிரம் வீட்டுக்கு வந்தீங்களா? அன்னைக்கு மட்டும் என்ன வேற மாதிரி நடந்துச்சு?" எனக்குப் பதில் தெரியவில்லை. இரண்டு நாள் அந்தக் கேள்வியோடேயே சுற்றிவிட்டு அவரிடம் சேர்ந்தேன்.

சேரும்போது எத்தனை செஷன், எவ்வளவு ஃபீஸ், வர முடியாத நாளுக்கு எத்தனை மணி நேரம் முன்னால் சொல்ல வேண்டும், நடுவில் நிறுத்தினால் பணம் திரும்புமா, நாம் சொல்வது யாரிடமும் போகாதா என்பதையெல்லாம் எழுத்தில் வாங்கிவிடுங்கள், வாட்ஸ்அப் செய்தியாக இருந்தாலும் பரவாயில்லை. கம்பெனி பணம் கட்டி அனுப்புகிறது என்றால் ஹெச்ஆருக்கு என்னென்ன போகும் என்று முதல் நாளே கேளுங்கள். மூன்று மாதப் பணத்தை மொத்தமாகக் கட்டச் சொன்னால், முதல் இரண்டு செஷனுக்கு மட்டும் தருகிறேன், அப்புறம் பார்க்கலாம் என்று சொல்லத் தயங்காதீர்கள்.

இனி செஷன். பல கோச்சுகள் க்ரோ (GROW) என்கிற நான்கு கேள்வி வரிசையில் போவார்கள். என்ன வேண்டும், இப்போது நிலைமை என்ன, என்னென்ன வழி இருக்கிறது, எதைச் செய்யப் போகிறீர்கள். இதில் முதல் கேள்விதான் நாம் நினைப்பதைவிட அதிக நேரம் வாங்குகிறது. நான் போனதும் "நிம்மதியா இருக்கணும் மேடம்" என்றேன். "நிம்மதியா இருக்கிற செவ்வாய்க்கிழமை எப்படி இருக்கும்? சாயங்காலம் ஏழு மணிக்கு எங்க இருப்பீங்க?" என்று கேட்டுக் கேட்டு, கடைசியில் வாரத்தில் மூன்று நாள் ஏழரைக்குள் வீட்டில் இருப்பது என்ற இடத்துக்கு வந்து சேர்ந்தோம். உங்கள் இலக்கும் இப்படி நாள், நேரம், எண்ணிக்கை என்று எண்ணிப் பார்க்கக்கூடியதாக வரும்வரை அடுத்ததற்குப் போக வேண்டாம்.

இப்போது நான் அழுத்திச் சொல்ல நினைக்கிற விஷயத்துக்கு வருகிறேன். சொல்லித் தருகிற யாராக இருந்தாலும் அவரை வாத்தியார் இடத்தில் உட்கார வைத்துப் பழகியவர்கள் நாம். காசு கொடுத்துப் போனாலும் அந்தப் பயம் போகாது, அவரிடம் நல்ல பெயர் வாங்க வேண்டும் என்று மனது துடிக்கும். மூன்றாவது செஷனில் நான் பொய் சொன்னேன். ஒரே ஒரு நாள்தான் நேரத்துக்கு வந்திருந்தேன், மூன்று நாளும் வந்துவிட்டதாகச் சொன்னேன். அவர் சந்தோஷப்பட்டு, அப்படியானால் நான்கு நாளாக்கலாமா என்றார். அந்த இரண்டு வாரம் ஒரு நாள்கூட முடியவில்லை, சனிக்கிழமையை நினைத்தாலே வயிற்றைக் கலக்கியது, இரண்டு தடவை காய்ச்சல் என்று சொல்லி செஷனைத் தள்ளிப்போட்டேன். ஒரு மாதமும் அதற்கான பணமும் அப்படியே போயின.

பிறகு ஒருநாள் உள்ளதை ஒப்புக்கொண்டேன். அவர் கோபப்படவில்லை. "சரி, கடைசியா முடியாமப் போன நாளை எடுத்துக்கலாம், ஆறு மணியிலிருந்து ஒவ்வொரு நிமிஷமா சொல்லுங்க" என்றார். சொல்லச் சொல்லத்தான் எனக்கே தெரிந்தது. ஆறு பத்துக்கு மேனேஜர் என் மேசைக்கு வந்து "ஒரு நிமிஷம்" என்கிறார், அவர் சொல்லி முடிப்பதற்குள் நான் தலையாட்டிவிடுகிறேன். அந்தத் தலையாட்டலை நிறுத்தினால் போதும் என்று தெரிந்த பிறகு வேலை சுலபமானது. "மேனேஜர் வந்து கேட்டால், 'பார்த்துட்டு காலைல பத்து மணிக்குள்ள சொல்றேன் சார்' என்று சொல்வேன்" என்று ஒரு வரி எழுதிக்கொண்டேன், அவர் மேனேஜராக நடிக்க அதையே பத்துத் தடவை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். இன்னது நடந்தால் இன்னது செய்வேன் என்று இப்படி முன்கூட்டியே முடிச்சுப் போட்டு வைப்பது, பொதுவாக "இனி ஒழுங்காக இருப்பேன்" என்று உறுதி எடுப்பதைவிட அதிகம் பலிக்கிறது என்று பீட்டர் கோல்விட்ஸர் என்ற உளவியலாளர் ஆய்வுகளைத் தொகுத்து 1999இல் எழுதியிருக்கிறார். முதல் தடவை ஆபீஸில் அதைச் சொன்னபோது எனக்குக் குரல் நடுங்கியது. மேனேஜர் "ஓகே" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார், அவ்வளவுதான்.

அதனால் தோற்ற வாரத்தை மறைக்காமல் கொண்டுபோங்கள், கோச்சுக்கு அதைவிட உபயோகமான தகவல் கிடையாது. தினமும் ராத்திரி ஒரு நோட்டில் இரண்டு வரி போதும்: இன்று நடந்ததா, நடக்கவில்லை என்றால் எத்தனை மணிக்கு, யார் இருந்தார்கள், மனதில் என்ன ஓடியது. செஷன் தொடங்கியதும் நோட்டைத் திறந்து உள்ளபடி படியுங்கள். மறைக்க வழியே இருக்காது.

21 நாளில் பழக்கம் மாறிவிடும் என்று யாராவது உத்தரவாதம் கொடுத்தால் நம்ப வேண்டாம். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் ஃபிலிப்பா லாலியும் உடன் இருந்தவர்களும் 96 பேரை வைத்துச் செய்து 2010இல் வெளியான ஆய்வில், ஒரு பழக்கம் தானாக நடக்க ஆரம்பிப்பதற்கான நடுமதிப்பு 66 நாள் என்று வந்தது, அதாவது பாதிப் பேருக்கு அதற்குள், மீதிப் பேருக்கு அதற்கு மேல். ஆளைப் பொறுத்து 18 நாளிலிருந்து 254 நாள் வரை வித்தியாசம் இருந்தது. நடுவில் ஒரு நாள் விட்டுப்போனால் பெரிதாகக் கெட்டுவிடுவதில்லை என்பதும் அதில் இருக்கிறது. எனக்கு இது பெரிய ஆறுதலாக இருந்தது, ஏனென்றால் ஒரு நாள் தவறினால் அந்த வாரத்தையே கைகழுவிவிடுகிற ஆள் நான்.

வீட்டில் ஒருவரிடமாவது சொல்லிவிடுங்கள். எங்கள் அம்மாவுக்கு வருத்தம்தான், "எங்ககிட்ட சொன்னா கேட்க மாட்டோமா, காசு குடுத்தா பேசணும்?" என்றார். அம்மா கேட்பார், ஆனால் கேட்டவுடன் எனக்காகத் துடித்துப்போய் "அந்த வேலையே வேண்டாம்பா" என்பார். நம் முடிவால் தனக்கு நல்லதோ கெட்டதோ இல்லாத ஒருவர் எதிரில் உட்கார்ந்து கேட்பது வேறு மாதிரி. இதை அவரிடம் பொறுமையாகச் சொன்னேன், புரிந்துகொண்டார்.

வேலையை விடு, இவரை விட்டுப் பிரி, இந்தத் திட்டத்தில் பணம் போடு என்று கோச் முடிவெடுத்துக் கொடுக்க ஆரம்பித்தால் அன்றோடு நிறுத்திவிடுங்கள். அப்படி இல்லாவிட்டாலும் மூன்று மாதம் ஆனதும் நோட்டை முதல் பக்கத்திலிருந்து இரண்டு பேருமாகப் பாருங்கள். எதுவும் நகரவில்லை என்றால் நேராகச் சொல்லி, இலக்கை மாற்றுங்கள் அல்லது ஆளை மாற்றுங்கள். எனக்கு இப்போது வாரத்தில் நான்கு நாள் ஏழரைக்குள் வீடு வர முடிகிறது, மகளோடு உட்கார்ந்து சாப்பிடுகிறேன். மாதக் கடைசி வாரம் மட்டும் இன்னும் பிடிபடவில்லை. கோச்சிங் முடிந்து மூன்று மாதம் ஆகிறது, அந்த வாரத்துக்கான இரண்டு வரிகளை நோட்டில் எழுதிக்கொண்டுதான் இருக்கிறேன்.