தெரு, குடிநீர்க் குழாய் வேலை: எஸ்டிமேட்டை அளந்து பார்த்துக் கேள்வி கேட்பது எப்படி

மொத்தத் தொகையைப் பார்த்து "ஏன் இவ்வளவு?" என்று கேட்டால், "இன்றைக்கு விலைவாசி அப்படி" என்ற பதிலோடு கூட்டம் முடிந்துவிடும். எஸ்டிமேட்டின் பெரும்பாலான வரிகள் அளவு பெருக்கல் விலைதான். விலையைப் பற்றி வாதாட சந்தை நிலவரம் தெரிய வேண்டும். அளவைச் சரிபார்க்க நீண்ட டேப்பும் ஒரு நோட்டும் போதும். அங்கிருந்து தொடங்குங்கள்.

முதலில் காகிதங்கள். வரைபடம், அளவுப் பட்டியல், டெண்டர் எடுத்தவர் வரிவாரியாகக் கொடுத்த விலை, மண் எப்படி இருக்கிறது என்று பார்க்கத் தோண்டிய சோதனைக் குழிகளின் குறிப்பு ஆகிய நான்கையும் எழுத்து மூலம் கேளுங்கள். வேலை உத்தரவு கொடுக்கும் முன்பே கேளுங்கள். ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு ஒரு வரியைக் குறைத்தாலும் கான்ட்ராக்டர் அதற்கு ஈடு கேட்கலாம்.

அடுத்து தெருவில் இறங்கி அளந்து பாருங்கள். நீளம் 400 மீட்டர், அகலம் 6 மீட்டர், தார்ப்பூச்சு 40 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 400 × 6 × 0.04 = 96 கன மீட்டர். நன்றாக உருட்டி இறுக்கிய தார்க்கலவை ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 2.3 முதல் 2.4 டன் எடை வரும். ஆக 220, 230 டன் தேவை. பட்டியலில் 285 டன் இருந்தால் உடனே ஊழல் என்று கத்த வேண்டாம். தெருமுனைகளில் சாலை விரியும் பகுதியைச் சேர்த்திருக்கலாம். பழைய சாலையின் பள்ளங்களைச் சமன் செய்யத் தனிக் கலவை சேர்த்திருக்கலாம். வரைபடத்தில் 40 என்றிருக்க, பட்டியலை 50 மில்லிமீட்டருக்குப் போட்டிருக்கவும் கூடும். அந்தக் கணக்கில் 276 முதல் 288 டன் வரும். "இந்த வரிசை எண்ணில் மிகுதியாக உள்ள 55 டன் எந்தப் பகுதிக்கு?" என்று கேட்டால் பொறியாளர் கணக்கைக் காட்டியே ஆக வேண்டும்.

சாலையும் குழாயும் ஒரே திட்டமாக வரும்போது தவறாமல் பார்க்க வேண்டியது இரட்டைக் கணக்கு. குழாய்ப் பகுதியில் "வெட்டிய சாலையைப் பழைய நிலைக்குக் கொண்டுவருதல்" என்று ஒரு வரி இருக்கும். சாலைப் பகுதியில் தெரு முழுவதற்கும் தார் போடுதல் இருக்கும். குழாய்க்காகத் தோண்டும் பள்ளம் 70 சென்டிமீட்டர் அகலம் என்று வைத்துக்கொள்வோம். ஓரம் வெட்டிச் சீராக்கினால் 1 மீட்டர். 400 சதுர மீட்டரில் 40 மில்லிமீட்டர் தார் என்றால் ஏறத்தாழ 37 டன் வரும். அதன் மேலேயே பிறகு முழுத் தெருவுக்கும் தார் வருகிறது என்றால், அந்த 37 டன் எதற்கு? பள்ளத்துக்குள் மண் நிரப்பி இறுக்குவதும் ஜல்லி அடுக்கும் கட்டாயம் வேண்டும், அதைக் குறைக்கச் சொல்லக் கூடாது. வண்டி போவதற்குத் தற்காலிக ஒட்டு வேலையும் நியாயம். இறுதித் தார்ப்பூச்சு மட்டும் ஒருமுறைதான் வர வேண்டும்.

மண் கணக்கிலும் இதே கவனம் தேவை. 400 மீட்டர் நீளம், 0.7 மீட்டர் அகலம், 1.2 மீட்டர் ஆழம் என்றால் தோண்டுவது 336 கன மீட்டர். வெட்டிய மண் உதிர்ந்து 20 முதல் 30 சதவீதம் உப்பும்; லாரியில் அதுவே 400 முதல் 440 ஆகத் தெரியும். தோண்டும் கூலியை, வெட்டும் முன் நிலத்தில் கிடந்த மண்ணின் அளவுக்குத்தான் கொடுக்க வேண்டும். தோண்டும் வரியிலும் உப்பிய அளவு இருந்தால் அது தவறு.

பட்டியலில் பாறை உடைப்பதற்கான வரிதான் மிகவும் ஆபத்தானது. பாறை 20 கன மீட்டர் என்று பட்டியலில் சிறிதாகப் போட்டிருப்பார்கள், கான்ட்ராக்டர் அதற்கு மிக உயர்ந்த விலை குறித்திருப்பார், மொத்தத்தில் அது கண்ணில் படாது. வேலை தொடங்கியபின் 20 என்பது 150 ஆகிவிட்டால் குறைந்த டெண்டரே அதிகச் செலவாகிவிடும். சோதனைக் குழிகளில் பாறை எங்கே, எத்தனை ஆழத்தில் தட்டியது என்று கேளுங்கள். பட்டியல் அளவைக் குறிப்பிட்ட சதவீதத்துக்கு மேல் தாண்டினால் விலையை மறுபடி பேசலாம் என்ற விதி ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லையென்றால் சேர்க்கச் சொல்லுங்கள்.

வீட்டு இணைப்புகளை நடந்தே எண்ணிவிடலாம். பிரதான குழாய் ஓடும் பக்கத்து வீடுகளுக்குக் குறுகிய இணைப்பு, எதிர்ப்பக்கத்துக்கு நீண்ட இணைப்பு. எல்லாவற்றையும் நீண்டதாகப் போட்டிருந்தால் கேளுங்கள். "மொத்தமாக" என்று ஒரே தொகை போட்ட வரிகளுக்குப் பிரிவு கேளுங்கள். எதிர்பாராச் செலவுத் தொகை செலவாகாமல் மிஞ்சினால் யாருக்குத் திரும்பும் என்பதையும் எழுதி வாங்குங்கள்.

செலவில் ஒரு பங்கை வீட்டுக்காரர்கள் கட்ட வேண்டுமென்றால், குழாயின் விட்டத்தைக் கவனியுங்கள். உங்கள் தெருவுக்கு 150 மில்லிமீட்டர் போதும், அடுத்த பகுதிக்கும் தண்ணீர் போவதற்காக 300 போடுகிறார்கள் என்றால், கூடுதல் விட்டத்தின் செலவை உங்கள் தெரு மட்டும் சுமப்பது முறையல்ல. பங்கு வீட்டுக்கு இவ்வளவா, தெருவை ஒட்டிய மனையின் ஒரு மீட்டர் நீளத்துக்கு இவ்வளவா என்பதைப் பொறுத்து மூலைமனைக்காரர் இருபக்கமும் கட்ட நேரலாம். அந்த விதியையும் முன்கூட்டியே கேளுங்கள்.

குறைக்கக் கூடாதவை சில உண்டு: குழாயில் அழுத்தச் சோதனை, கிருமிநீக்கம், வால்வுகள், மண் இறுக்கச் சோதனை. வால்வைக் குறைத்தால் ஒரு கசிவுக்காக முழுத் தெருவுக்கும் தண்ணீர் நிற்கும். மண்ணை 15, 20 சென்டிமீட்டர் அடுக்குகளாகப் போட்டு இறுக்காமல் ஒரேயடியாகக் கொட்டினால், சில மழைக்குள் பள்ளம் ஓடிய வழியே சாலை அமுங்கும்.

பில் போடும்போது, முடித்த வேலையின் அளவுகளைப் பதியும் அளவுப் புத்தகத்தைப் பார்க்கக் கேளுங்கள். தார்ப்பூச்சைத் துளைத்து எடுத்த உருளை மாதிரிகளின் தடிமன் 40 மில்லிமீட்டர் வருகிறதா என்று பாருங்கள். பில்லில் பிடித்து வைத்த தொகையைக் கான்ட்ராக்டருக்கு விடுவிக்கும் தேதியைக் குறித்து வைத்து, அதற்கு முன் ஒரு மழை விட்டதும் 3 மீட்டர் நேர்ச்சட்டத்தைப் பள்ளம் ஓடிய இடத்தின் குறுக்கே வையுங்கள். அடியில் தெரியும் இடைவெளியை ஸ்கேலால் அளந்து, தேதியோடு படம் எடுத்து, வீட்டு எண் குறிப்பிட்டு எழுத்தில் கொடுங்கள்.