உணவு வங்கி வாசலில் நாம் செய்யும் தவறுகள்

"எந்த ஊர் அம்மா நீங்கள்?"

கனடாவின் ஸ்காபரோவில், இல்லாதவர்களுக்கு இலவசமாகச் சாமான் கொடுக்கும் உணவு வங்கிக்கு உதவிக்குப் போகும் ஈழத்தமிழர் நாங்கள் இந்தக் கேள்வியோடுதான் கதையைத் தொடங்குவோம். அன்பாகத்தான் கேட்கிறோம். ஆனால் எதிரே நிற்பவர் கையில் வெறும் பையோடு நிற்கிறார். ஊரைச் சொன்னால் அடுத்து ஊரில் எந்தப் பக்கம், யாருடைய ஆட்கள் என்று கேள்வி வரும் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். இரண்டாவது கேள்வியில் சாதி தெரிந்துவிடும். மூன்றாவதில் இருவருக்கும் தெரிந்த யாராவது அகப்படுவார்கள். பின்னேரத்துக்குள் இன்னாருடைய தாய் உணவு வங்கியில் நிற்கிறா என்று தொலைபேசியில் செய்தி போய்விடும்.

நானும் ஒரு முறை கேட்டேன். அந்த அம்மா "வவுனியாப் பக்கம்" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சாமானை வாங்கிக்கொண்டு போனார். பிறகு வரவில்லை. இரண்டு பஸ் மாறி வேறோர் இடத்துக்குப் போகிறார் என்று மாதக்கணக்கு கழித்துத்தான் அறிந்தேன். அன்றிலிருந்து அந்தக் கேள்வியை விட்டுவிட்டேன். "வாங்கோ, வெளியில நல்ல குளிர் என்ன?" என்றால் போதும். ஊரைச் சொல்ல விரும்புகிறவர் தானாகச் சொல்வார்.

கனடாவின் முதல் உணவு வங்கி 1981இல் எட்மன்டனில் தொடங்கியபோது, அது கொஞ்சக் காலத்துக்கான ஏற்பாடு என்றுதான் நினைத்தார்கள். 2024 மார்ச் ஒரே மாதத்தில் நாடு முழுவதும் 20 லட்சம் தடவைக்கு மேல் மக்கள் உணவு வங்கிகளுக்கு வந்திருக்கிறார்கள். வேலை இருந்தும் வாடகை கொடுத்த பிறகு கையில் மிஞ்சாதவர்கள், புதிதாக வந்த மாணவர்கள், அகதிக் கோரிக்கை வைத்துவிட்டுக் காத்திருப்பவர்கள் எல்லோரும் இதில் அடக்கம். நம்மவர்களும் இருக்கிறார்கள்.

நம்மவர்களில் பலருக்கு வரிசை என்பது வெறும் வரிசை அல்ல. 2009இல் போர் முடிந்தபோது இலங்கையின் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் முட்கம்பிக்குள் இருந்தவர்கள் தண்ணீருக்கு, சாப்பாட்டுக்கு, மலசலகூடத்துக்கு என்று நாள் முழுக்க வரிசையில் நின்றவர்கள். அதற்கு முந்தைய தலைமுறை இராணுவச் சுற்றிவளைப்புகளில் வரிசையாக நிறுத்தப்பட்டு, சாக்கால் முகம் மூடியபடி தலையை ஆட்டி ஆளைக் காட்டிக்கொடுக்கும் தலையாட்டியின் முன்னால் நடந்தது. அப்படிப்பட்டவர் வரும் வாசலில் சீருடைக் காவலாளி ஒருவரை நிறுத்தி, ஒலிபெருக்கியில் முழுப் பெயரைக் கூப்பிட்டு, அடையாள அட்டையை எடுங்கள் என்று கை நீட்டினால் அவர் உடம்பு என்ன செய்யும்? இங்கே பயப்பட ஒன்றும் இல்லை என்று மனசுக்குத் தெரியும். நெஞ்சுக்குத் தெரியாது. மனவடுவை அறிந்து நடப்பது என்று பயிற்சிகளில் சொல்வதன் பொருள் இவ்வளவுதான். வருகிறவரிடம் வடு இருக்கிறதா என்று தோண்டத் தேவையில்லை. இருக்கலாம் என்று எண்ணி வாசலை ஒழுங்கு செய்தால் சரி. பெயருக்குப் பதில் இலக்கத் துண்டு கொடுக்கலாம். நேரம் குறித்து வரச் சொல்லலாம். உட்காரக் கதிரை போடலாம். கடைசியில் வருகிறவருக்கும் முதல் ஆளுக்குக் கிடைத்தது கிடைக்கும் என்று தெரிந்தால், பனியில் இரண்டு மணி நேரம் முன்னதாக யாரும் வந்து நிற்க மாட்டார்கள்.

அடுத்த தவறு, பதற்றத்தைப் பேராசை என்று எண்ணிக்கொள்வது. "இன்னொரு பேணி தாங்கோ" என்று சத்தம் போட்டவரை, பால்மாவைப் பைக்குள் மறைத்தவரைப் பற்றித் தொண்டர்கள் தங்களுக்குள் கதைப்பதைக் கேட்டிருக்கிறேன். 1944-45இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் 36 இளைஞர்கள் பசியைப் பற்றிய ஓர் ஆய்வுக்காகத் தாமாக முன்வந்து ஏறத்தாழ ஆறு மாதம் அரைப்பட்டினி கிடந்தார்கள். நல்ல உடல்நலமும் மனநலமும் உள்ளவர்கள் என்று தெரிந்தெடுக்கப்பட்டவர்கள் அவர்கள். கொஞ்ச நாளில் சாப்பாட்டைத் தவிர வேறு நினைப்பில்லாமல் போனார்கள். தட்டை நக்கினார்கள், சமையல் புத்தகம் சேர்த்தார்கள், சின்ன விஷயத்துக்கும் எரிந்து விழுந்தார்கள். பசி மனிதரைச் செய்வது அது. சத்தம் போடுகிறவரிடம் குரலை உயர்த்தாமல், "இன்றைக்கு ஆளுக்கு இரண்டுதான் வருது, வாற கிழமையும் இருக்கும்" என்று சொல்லிப் பாருங்கள். அந்த இரண்டாவது பாதி மிக முக்கியம். இல்லாமல் போய்விடும் என்ற பயம்தான் அவரைச் சத்தம் போட வைக்கிறது.

படிவங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். வருமானம், வாடகை ஒப்பந்தம், விசா நிலை, ஏன் வந்தீர்கள் என்று பக்கம் பக்கமாகக் கேட்பதில் எவ்வளவு உண்மையில் தேவை? நிலவறையில் கைக்காசுக்கு வாடகை இருப்பவரிடம் ஒப்பந்தம் எங்கே இருக்கும்? அதைவிடப் பெரிய தவறு, பத்து வயதுப் பிள்ளையை மொழிபெயர்க்க வைப்பது. அப்பாவுக்கு வேலை போனதையும் வங்கியில் எவ்வளவு கிடக்கிறது என்பதையும் அந்தப் பிள்ளை வாயால் சொல்ல வைக்கிறோம். தொலைபேசியில் ஒரு பெரியவரைப் பிடித்துக் கேட்கலாம், முடியாவிட்டால் கேட்காமலே விடலாம். படம் எடுப்பதும் அப்படித்தான். பிறந்தநாளுக்கும் நினைவுநாளுக்கும் உணவு வழங்குவது நல்ல காரியம். பை வாங்குகிறவரின் முகம் முகநூலில் ஏன் வர வேண்டும்?

எல்லோருக்கும் ஒரே அளவு கொடுத்தால் நியாயம் என்று நாம் நம்புகிறோம். ஏழு பேர் உள்ள வீட்டுக்கும் தனி மாணவனுக்கும் ஒரே பை. செவ்வாய்க்கிழமை பகலில் மட்டும் திறந்தால் தொழிற்சாலையில் பகல் முறை செய்பவருக்குக் கதவு எப்போதும் பூட்டித்தான் கிடக்கும். நடக்க முடியாத முதியவருக்காகப் பேத்தி வந்தால் ஆள் நேரில் வர வேண்டும் என்று திருப்பி அனுப்புகிறோம். நீரிழிவு இல்லாத வீட்டை நம்மவரிடையே தேட வேண்டியிருக்கிறது, அவர்களுக்குச் சீனி போட்ட சீரியல் பெட்டியை நீட்டுகிறோம். சூப் பேணிக்குள் பன்றி இறைச்சி இருப்பதை ஆங்கிலம் வாசிக்காதவருக்கு யார் சொல்வது? திகதி கடந்த பேணிகளும் அப்படி. கனடாவில் 'பெஸ்ட் பிஃபோர்' என்று போட்டிருந்தால் அந்த நாளுக்குள் சுவையும் தரமும் நன்றாக இருக்கும் என்று பொருள், அதன் பிறகு நஞ்சு என்று அல்ல. குழந்தைப் பால்மா போன்ற சிலவற்றுக்குத்தான் கட்டாயக் காலாவதித் திகதி உண்டு. இது நமக்குத் தெரியும், வாங்குகிறவருக்குத் தெரியாது. சொல்லாமல் கொடுத்தால், பழுதானதைத் தள்ளிவிட்டார்கள் என்றுதான் அவர் நினைப்பார். நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பேன்.

இவற்றில் பாதிக்கு மருந்து, கட்டிய பையைக் கொடுப்பதை விட்டுவிட்டு, கடையில்போல இறாக்கைத் தட்டில் இருப்பதை அவரவரே எடுக்க விடுவது. நாங்கள் மாற்றப் போனபோது எல்லாரும் அள்ளிக்கொண்டு போய்விடுவார்கள் என்று சிலர் சொன்னார்கள். வீட்டில் எத்தனை பேர் என்பதைப் பார்த்து ஒவ்வொரு தட்டுக்கும் ஓர் அளவு எழுதி ஒட்டினோம். முதல் நாள் ஒரு வயதான அம்மா தள்ளுவண்டியோடு வந்தார். பருப்பு எடுத்தார், வெங்காயம் எடுத்தார், டின் மீனைக் கையில் வைத்து ஒரு நிமிடம் யோசித்துவிட்டு இரண்டு எடுத்தார். வாசல்வரை போனவர் திரும்பி வந்து, கோதுமை மாப் பையை எடுத்த இடத்திலேயே வைத்தார்.

"போன மாசம் தந்தது அப்பிடியே கிடக்கு பிள்ளை. வேற ஆரும் எடுக்கட்டும்."