ஏஜென்டை விட்ட பிறகு: ஓய்வுக்காலப் பணத்தை நாமே பார்ப்பது எப்படி

ஆலோசகரையோ ஏஜென்டையோ விட்டு வந்தவர்கள் முதல் வாரத்திலேயே செய்யும் தவறு, எல்லாவற்றையும் விற்றுவிட்டுப் புதிதாகத் தொடங்குவது. அவசரமே வேண்டாம். முதலில் ஐந்தொகை, அதாவது என்ன சொத்து, என்ன கடன் என்று இருப்புக் கணக்கு, எடுங்கள். பேரேடு (கணக்குப் புத்தகம்) எழுதிய நம் செட்டிநாட்டு ஊர்க்காரர்களுக்கு இது சொல்லித்தர வேண்டிய வேலையல்ல. ஆனாலும் மியூச்சுவல் பண்ட் என்றதும் பல வீடுகளில் கணக்கு ஏஜென்டின் பைக்குள் போய்விடுகிறது.

பான் எண்ணை வைத்து, பண்ட் கணக்குகளைப் பராமரிக்கும் கேம்ஸ் அல்லது கேபின்டெக் நிறுவனத்தின் தளத்தில் ஒருங்கிணைந்த அறிக்கை கேளுங்கள். சுருக்க அறிக்கை போதாது, வாங்கிய தேதியும் விலையும் உள்ள விரிவான அறிக்கையே வேண்டும். அது வந்து சேராவிட்டால், பதிவான மின்னஞ்சலும் கைபேசி எண்ணும் ஏஜென்டுடையதாக இருக்கலாம். ஓடிபி அவருக்குப் போகும் வரை பணம் முழுதாக உங்கள் கையில் இல்லை. அதை மாற்றுவதுதான் முதல் வேலை. நாமினி, வங்கிக் கணக்கு எண் இரண்டையும் அப்போதே சரிபாருங்கள். அஞ்சலக பாஸ்புக், எல்ஐசி பத்திரம் போன்ற அசல்கள் அவரிடம் இருந்தால் கேட்டு வாங்கிவிடுங்கள்.

அடுத்து, ஒவ்வொரு பண்டின் பெயரிலும் 'ரெகுலர்' (ஏஜென்ட் வழியாக வாங்கியது) என்றிருக்கிறதா, 'டைரக்ட்' (நாமே நேரடியாக வாங்கியது) என்றிருக்கிறதா என்று பாருங்கள். டைரக்ட் திட்டங்கள் 2013 ஜனவரி முதல் உண்டு. கமிஷன் இல்லாததால் அவற்றில் செலவு விகிதம், அதாவது பண்ட் நம் பணத்திலிருந்து ஆண்டுதோறும் பிடிக்கும் பங்கு, குறைவு. இங்கே பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. ஏஜென்டின் குறியீட்டை மட்டும் நீக்கினால் கமிஷன் அவருக்குப் போகாது, ஆனால் பண்ட் ரெகுலராகவே இருப்பதால் அதே செலவு உங்களிடம் பிடிக்கப்படும். ஓடிக்கொண்டிருக்கும் எஸ்ஐபியும் (மாதாமாதம் பண்டில் போடும் தவணை) தானாக மாறாது. அதை நிறுத்திவிட்டு டைரக்டில் புதிதாகப் போட வேண்டும்.

ரெகுலரிலிருந்து டைரக்டுக்கு மாற்றுவது வரிக் கணக்கில் ஒரு விற்பனை. பங்குசார் பண்டை ஓராண்டுக்கு மேல் வைத்திருந்தால், ஒரு நிதியாண்டில் 1.25 லட்சம் வரையிலான லாபத்துக்கு வரியில்லை. அதற்கு மேல் 12.5 சதவீதம், அந்த வரியின் மீது 4 சதவீத செஸ் (கூடுதல் வரி). 20 லட்சம் மதிப்பில் 8 லட்சம் லாபம் என்று வைத்துக்கொள்வோம். ஒரே நாளில் மாற்றினால் வரி 87,750 ரூபாய். இரண்டு திட்டங்களின் செலவு வித்தியாசம் 0.9 சதவீதம் என்றால் ஆண்டுக்கு 18,000 மிச்சம், அதாவது வரியாகக் கட்டியதை மீட்கவே ஐந்து ஆண்டு பிடிக்கும். ஆகவே துண்டு துண்டாக மாற்றுவதே மேல். மார்ச் கடைசியில் ஒரு துண்டு, ஏப்ரல் முதல் வாரத்தில் இன்னொன்று என்றால், பத்து நாளுக்குள் இரண்டு ஆண்டுகளின் சலுகையும் கிடைத்துவிடும். கணவன், மனைவி இருவர் பெயரிலும் தனித்தனி முதலீடு இருந்தால் சலுகையும் தனித்தனி.

துண்டின் அளவைச் சராசரி லாபத்தை வைத்துப் போடாதீர்கள். முதலில் வாங்கிய யூனிட்தான் (பண்டில் நம் பங்கின் அலகு) முதலில் விற்றதாகக் கணக்காகும். பழைய யூனிட்டில் லாபம் அதிகம் என்பதால் 1.25 லட்சம் நினைத்ததைவிடச் சீக்கிரம் தீர்ந்துவிடும். புதிய வரிமுறையில் 12 லட்சம் வரை வரியில்லை என்ற நம்பிக்கையும் இங்கே உதவாது. அந்தத் தள்ளுபடி இந்த லாபத்துக்குக் கிடையாது.

இனி மாதச் செலவு. ஓய்வூதியம் போக மாதம் 25,000 குறைகிறது, ஆண்டுக்கு 3 லட்சம் என்று எடுத்துக்கொள்வோம். நம் பக்கத்தில் மாதக் கணக்கில் சேராமல் ஆண்டுக் கணக்கில் வந்து இடிப்பவை பல: கோயில் புள்ளி வரி (குடும்பக் கணக்கில் கோயிலுக்குக் கட்டுவது), படைப்பு (முன்னோருக்குப் படைக்கும் சடங்கு), சீர், வயது நிறைவுக்குச் செய்யும் சாந்திக் கல்யாணம், பூர்வீகப் பெரிய வீட்டில் ஓடு பிரித்து மேய்வதில் நம் பங்கு. இவற்றைத் தனி வரியாக எழுதாவிட்டால் முதல் மழையிலேயே வைப்புத்தொகையை உடைக்க நேரும்.

60 வயதைத் தாண்டியவர்களுக்கு அஞ்சலகம் அல்லது வங்கியில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் முதல் கல். ஒருவருக்கு 30 லட்சம் வரை போடலாம், காலம் ஐந்தாண்டு, தொடங்கும் நாளின் வட்டி கடைசி வரை மாறாது. 8.2 சதவீதத்தில் 15 லட்சம் போட்டால் காலாண்டுக்கு 30,750, ஆண்டுக்கு 1,23,000 கிடைக்கும். எடுக்காமல் விட்ட வட்டிக்கு வட்டி கிடையாது, எனவே அது நேராகச் சேமிப்புக் கணக்கில் விழும்படி செய்யுங்கள். முதல் ஆண்டுக்குள் மூடினால் வாங்கிய வட்டியையும் திருப்பிப் பிடிப்பார்கள்.

மீதிக் குறை 1,77,000. இரண்டு ஆண்டுக்கான இந்தத் தொகை வங்கி வைப்பில் இருக்கட்டும். ஒரு வங்கியில் அசலும் வட்டியும் சேர்த்து ஒருவருக்கு 5 லட்சம் வரைதான் காப்பீடு, எத்தனை கிளை என்றாலும் அவ்வளவே. தெரிந்தவர் நடத்தும் பைனான்ஸுக்கும் நிதி கம்பெனிக்கும் அந்தக் காப்பீடு இல்லை. வங்கியைவிட ஒன்றரை சதவீதம் அதிக வட்டி தருகிறார்கள் என்றால், அந்த ஒன்றரை எதற்கான விலை என்று கேட்டுப் பாருங்கள்.

ஆண்டுக்கொரு முறை இந்த வைப்பை நிரப்ப ரெகுலர் யூனிட்டையே முதலில் விற்கவும். எப்படியும் விற்க வேண்டிய பணம், அதனால் மாற்ற வேண்டிய சுமையும் குறையும். அந்த விற்பனையின் லாபமும் அதே 1.25 லட்சத்துக்குள் சேரும் என்பதை மறக்க வேண்டாம். சந்தை விழுந்த ஆண்டில் விற்காமல் வைப்பிலிருந்தே எடுக்கவும். இரண்டு ஆண்டுப் பணம் இருப்பது அதற்காகத்தான்.

நிலம், வீடு, நகை எல்லாம் காரைக்குடியைச் சுற்றியே இருந்தால் பங்குப் பகுதியை ஒட்டுமொத்தச் சந்தையைப் பின்பற்றும் இண்டெக்ஸ் பண்டில் வைப்பது போதும். 1930களின் கடைசியில் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறத்தாழ கால் பங்கு நிலம் செட்டியார்கள் கையில் இருந்தது. எல்லாம் ஓரிடத்திலேயே இருந்த அந்தச் சொத்து பின்னர் கைவிட்டுப் போன விதம் ஊருக்கே தெரியும்.

வரி, பாகப்பிரிவினை, உயில் என்று சிக்கலானால், பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் அரசு வாரியமான செபியில் பதிவு பெற்ற, கட்டணம் மட்டும் வாங்கும் ஆலோசகரிடம் ஒருமுறை போய் வரலாம். ஐந்தொகைத் தாளின் நகல் ஒன்று பெட்டகத்தில் இருக்கட்டும். அடுத்த ஏப்ரல் வைப்பு நிரப்பும் வேலையை, பக்கத்தில் நீங்கள் உட்கார்ந்திருக்க, வீட்டிலுள்ள மற்றவர் செய்யட்டும்.