நிலக்கரிப் படகு வந்த வழியே: சேஸபீக்–ஒஹையோ கால்வாய்க் கரையில் ஐந்து நாள் சைக்கிள் பயணம்

பயணத்தைக் கம்பர்லாந்தில் தொடங்குங்கள். அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டன் பக்கம் குடியிருப்பவர்கள் பெரும்பாலும் ஜார்ஜ்டவுனிலிருந்துதான் கிளம்புகிறார்கள், வீடு அங்கே பக்கம் என்பதால். முதல் தடவை நானும் அப்படித்தான் போனேன். நான்கு நாளில் மேலே போய்ச் சேர்ந்தேன். எத்தனை மைல் மிதித்தேன் என்பதைத் தவிர மனதில் ஒன்றும் நிற்கவில்லை. மறு வருடம் என் மகளோடு எதிர்த்திசையில் வந்தபோதுதான் கால்வாய் எனக்குப் புரிந்தது. மேற்கு மேரிலாந்து மலைகளின் நிலக்கரி படகில் ஏறிய ஊர் கம்பர்லாந்து. அது போய் இறங்கிய துறைமுகம் ஜார்ஜ்டவுன். இரண்டுக்கும் நடுவே 184.5 மைல், அதாவது 297 கிலோமீட்டர். உயர வித்தியாசம் 605 அடி. படகை அவ்வளவு உயரமும் பக்குவமாக இறக்க 74 லாக்குகள், அதாவது தண்ணீரை நிரப்பியும் வடித்தும் படகை ஏற்றி இறக்கும் கதவுத் தொட்டிகள், கட்டினார்கள். படகு இறங்கிய திசையில் நீங்களும் இறங்கினால் ஒவ்வொரு லாக்கையும் உங்கள் கால் சொல்லிவிடும்: சில விநாடிகள் மிதிக்காமலே சைக்கிள் தானாக ஓடும்.

கம்பர்லாந்துக்கு ஆம்ட்ராக் ரயிலில் போகலாம். சைக்கிளுக்குத் தனியாக முன்பதிவு செய்ய வேண்டும். இடங்கள் மிகக் குறைவு என்பதால் அதை உறுதி செய்த பிறகே விடுப்புக்கு எழுதிக் கொடுங்கள். ரயிலில் ஜன்னலோரம் உட்காருங்கள். 1828 ஜூலை 4 அன்று ஜனாதிபதி ஜான் குவின்ஸி ஆடம்ஸ் இந்தக் கால்வாய்க்கு மண்வெட்டி போட்டார். அதே நாளில்தான் பால்டிமோர்–ஒஹையோ ரயில் பாதையின் வேலையும் தொடங்கியது. ரயில் 1842-இல் கம்பர்லாந்தை எட்டிவிட்டது. கால்வாய் வந்து சேர்ந்தபோது 1850. ஒஹையோ ஆறுவரை போக வேண்டிய கால்வாய் அங்கேயே நின்றுவிட்டது, பெயரில் மட்டும் ஒஹையோ மிஞ்சியது. நீங்கள் ஏறிப்போகும் ரயில் ஓடுவது, அந்தப் பந்தயத்தில் ஜெயித்த அதே பாதையில்தான்.

சைக்கிளுக்கு 35 மில்லிமீட்டருக்குக் குறையாத அகலமான டயர் போடுங்கள். பாதை மண்ணும் பொடிக்கல்லும் கலந்தது. கோவேறு கழுதைகள் படகை இழுத்துக்கொண்டு நடந்த அதே கரை. மழை பெய்தால் மட்கார்டுக்கும் சக்கரத்துக்கும் நடுவே களிமண் அப்பிக்கொண்டு சக்கரம் சுற்றாமல் நின்றுவிடும். இடைவெளி குறைவான மட்கார்டாக இருந்தால் வீட்டிலேயே கழற்றி வைத்துவிடுங்கள். மணி கட்டாயம். வேகம் மணிக்கு 15 மைலைத் தாண்டக் கூடாது. நடப்பவர்களுக்கும் குதிரைகளுக்கும் நீங்கள்தான் வழிவிட வேண்டும்.

இரவு தங்கக் கரையோரம் சில மைல்களுக்கு ஒன்றாக, நடப்பவர்களுக்கும் சைக்கிளில் வருபவர்களுக்குமான முகாம்கள் உண்டு. கட்டணம் இல்லை, முன்பதிவும் இல்லை. முதலில் வந்தவருக்கு இடம், ஓரிடத்தில் ஓர் இரவு. மேசை, கழிப்பறை, கைப்பம்பு இருக்கும். பம்புத் தண்ணீரில் அயோடின் கலப்பதால் ஒரு வாடை அடிக்கும். எங்களுக்கு எலுமிச்சைச் சாறு கைகொடுத்தது. நவம்பர் நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை பம்பின் கைப்பிடியைக் கழற்றி வைத்துவிடுவார்கள். மற்ற மாதங்களிலும் ஏதாவது ஒரு பம்பு வேலை செய்யாமல் இருக்கலாம், ஆகவே அடுத்த முகாம் வரைக்கும் தாங்கும் தண்ணீர் கையில் இருக்கட்டும். அடுப்பு சுமக்க மனமில்லை என்றால் அவல் போதும்: ஊறவைத்தால் சாப்பாடு. குப்பைத் தொட்டியை எதிர்பார்க்காதீர்கள். உங்கள் குப்பை உங்கள் பையிலேயே வீடுவரை வர வேண்டும். மாலையில் கூடாரத்துக்குள் நுழையும் முன் கால் முழுவதும் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். இதில் மட்டும் சோம்பல் கூடாது.

முதல் நாள் ஏறக்குறைய 30 மைல் போதும், ஏனென்றால் அந்த நாளின் முடிவில், மலையைக் குடைந்து கால்வாயைக் கொண்டுபோன பா பா சுரங்கவழி இருக்கிறது. 3,118 அடி நீளம். 1836-இல் தொடங்கி, இரண்டு வருடத்தில் முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டு, பணம் தீர்ந்து வேலை நின்று, 1850-இல்தான் திறந்தார்கள். உள்ளே சுமார் 60 லட்சம் செங்கல். சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு நடங்கள். தரை மேடுபள்ளம், மேலே இருந்து சொட்டும். நல்ல டார்ச் வேண்டும், ஃபோன் வெளிச்சம் பற்றாது. நுழைந்தவுடனேயே எதிர்முனை வெளிச்சம் தெரியும், ஆனால் எவ்வளவு நடந்தாலும் கிட்டே வராது. நடுவில் டார்ச்சைக் கைப்பிடி மரத்தின் மேல் அடியுங்கள். படகை இழுத்த கயிறு உரசி உரசி அந்த மரத்தில் வரிவரியாகத் தடம் விழுந்திருக்கும். என் மகள் ஒரு தடத்தில் சுண்டுவிரலை வைத்து அதன் வழியே நகர்த்திக்கொண்டு கொஞ்ச தூரம் பேசாமல் நடந்தாள். வெளியே வந்தால் இருபுறமும் செங்குத்துப் பாறை. செப்டம்பர் ஆரம்பமாக இருந்தால் காற்றில் பா-பா பழத்தின் வாசனை வரும். நம் சீத்தாப்பழத்தின் குடும்பம்தான் அது. மணத்திலேயே உறவு தெரியும்.

இரண்டாம் நாள் ஹான்காக். மூன்றாம் நாள் வில்லியம்ஸ்போர்ட் வழியாக வரும்போது 88-ஆவது மைலிலிருந்து 84 வரை (மைல்கம்பங்களின் எண் ஜார்ஜ்டவுனில் பூஜ்ஜியத்தில் தொடங்குகிறது) கால்வாயைக் காணவில்லையே என்று திகைக்காதீர்கள். அங்கே பாறை ஆற்றை முட்டிக்கொண்டு நிற்பதால் படகுகள் பொட்டோமாக் ஆற்றிலேயே போயின. கழுதை நடந்த விளிம்பை வெள்ளம் அரித்துப்போட்டது. 2012-இல் கான்கிரீட்டில் திரும்பக் கட்டினார்கள். முழுப் பயணத்திலும் என் மனதுக்கு நெருக்கமான மைல்கள் இவைதாம்.

எல்லா லாக்கிலும் நிற்க முடியாது. ஒரு நாளைக்கு ஒன்றிலாவது இறங்கிப் பாருங்கள். இரண்டு முனையிலும் கதவுள்ள கல்தொட்டி அது: 100 அடி நீளம், 15 அடி அகலம். படகின் அகலம் 14.5 அடி, பக்கத்துக்கு நான்கு விரல் இடைவெளிதான். கரையோர மூலைக் கல்லைத் தடவுங்கள். நம் ஊர்க் கிணற்று மேடையில் கயிறு தேய்த்த பள்ளத்தைத் தொட்டு வளர்ந்தவர்களுக்கு அந்தக் கல்லை யாரும் விளக்க வேண்டியதில்லை.

நான்காம் நாள் ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரியைத் தாண்டி, 42-ஆவது மைலில் மொனாக்கஸி பாலம். மாத்தூர் தொட்டிப்பாலம் பார்த்திருந்தால் உடனே பிடிபடும்: ஆற்றின் மேலே கால்வாய் ஓடும் பாலம். ஏழு கல்வளைவுகள், கட்டி முடித்தது 1833-இல். இதன் மேலும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே போங்கள், பிறகு கீழே ஆற்றோரம் இறங்கி வளைவுகளைப் பாருங்கள்.

இவ்வளவும் தப்பியது எளிதாக அல்ல. 1924 வெள்ளத்தோடு படகுகள் நின்றன. 1938-இல் அரசு கால்வாயை வாங்கியது. பிறகு அதன் வழியே மோட்டார் சாலை போடும் திட்டம் வந்தது. வாஷிங்டன் போஸ்ட் நாளிதழ் அதை ஆதரித்துத் தலையங்கம் எழுதியது. உச்ச நீதிமன்ற நீதிபதி வில்லியம் டக்ளஸ், என்னோடு நடந்து பார்த்துவிட்டு எழுதுங்கள் என்று ஆசிரியர் குழுவை அழைத்தார். 1954 மார்ச்சில் நடந்தார்கள். முழுத் தூரத்தையும் நடந்து முடித்தவர்கள் ஒன்பது பேர். கால்வாய் 1971-இல் தேசிய வரலாற்றுப் பூங்காவானது. ஜார்ஜ்டவுனில் டக்ளஸின் மார்பளவுச் சிலை கரையோரமே இருக்கிறது. அங்கே ஒரு நிமிடம் நில்லுங்கள்.

கடைசி நாள் கிரேட் ஃபால்ஸ் அருவிப் பக்கம் கூட்டம் மொய்க்கும். கூடியவரை வார நாளில் கடக்கப் பாருங்கள். ஜார்ஜ்டவுன் கடைவீதியை எட்டியதும் பயணம் முடிந்தது என்று எண்ணிச் சைக்கிளைச் சாத்திவிடாதீர்கள். இன்னும் கொஞ்சம் போக வேண்டும். ஆற்றங்கரையில் தாம்சன் படகு நிலையத்தின் பின்புறம், கால்வாய் பொட்டோமாக்கில் சேரும் இடத்தில் பழைய லாக்கின் கற்களுக்குப் பக்கத்தில் பூஜ்ஜியம் என்று எழுதிய மைல்கம்பம் நிற்கிறது. பலகை தேடினால் கிடைக்காது, படகு நிலையத்தில் கேளுங்கள், காட்டுவார்கள்.