மேகம் இறங்கிய நாளில் மருந்துவாழ்மலை: தனியாக ஏறுவோருக்கு

நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரி போகும் சாலையில், பொற்றையடிக்குப் பக்கத்தில் இருக்கிறது மருந்துவாழ்மலை. வெயில் நாளில் குடும்பத்தோடு ஏறி இறங்குகிறார்கள். மேகம் மூடிய நாளில் தனியாக ஏறுவதென்றால் கணக்கே வேறு. கால் உடைந்தால் கை கொடுக்க ஆள் இருக்காது. அதனால் ஏறும் முன்பே இறங்குவதைத் திட்டமிட வேண்டும்.

முதலில் மாதத்தைப் பாருங்கள். ஆனி, ஆடியில் தென்மேற்குச் சாரல். இடி குறைவு, காற்று அதிகம். ஆரல்வாய்மொழிக் கணவாய்ப் பக்கமிருந்து வரும் காற்று உச்சியில் ஆளையே தள்ளும். ஐப்பசி, கார்த்திகையில் பெரும்பாலும் காலை வெளுத்திருக்கும், மதியத்துக்கு மேல் இடிமழை கட்டும். ஆடியில் வழுக்கலுக்குப் பயப்பட வேண்டும், ஐப்பசியில் மின்னலுக்கு. எந்த மாதமானாலும் காலை 6.30-க்கு ஏறத் தொடங்குங்கள். 9.30-க்கு எங்கே நிற்கிறீர்களோ அங்கிருந்து திரும்பிவிடுங்கள், உச்சி கண்ணெதிரே தெரிந்தாலும் சரி. ஈரப் பாறையில் இறங்க, ஏறிய நேரத்துக்குக் குறையாமல் ஆகும்.

புறப்படும் முன் வீட்டில் ஒருவரிடம் வண்டி நிற்கும் இடம், போகும் பாதை, சட்டை நிறம் மூன்றையும் சொல்லுங்கள். 'மதியம் 1 மணிக்குள் அழைக்கவில்லை என்றால் 112-க்குப் பேசு' என்று நேரத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். 'சாயங்காலம் வந்துடுவேன்' என்றால் தேடத் தொடங்கும்போதே இருட்டிவிடும்.

பையில் இரண்டு லிட்டர் தண்ணீர், தலையில் மாட்டும் டார்ச், விசில், மாற்றுச் சட்டை ஒன்று, பிளாஸ்டிக் உறையில் போன். குடையும் தொங்கும் மழை அங்கியும் வேண்டாம். காற்று அவற்றைத் தூக்கி, கால் வைக்கும் இடத்தை மறைத்துவிடும். சட்டையும் பேன்டுமாகத் தனித்தனியாக உள்ள மழைக்கோட்டு போதும். உள்ளே பருத்தி பனியன் போடாதீர்கள். நனைந்தால் காயாது, காற்றில் உடம்பு நடுங்கும். தின்ன கடலை மிட்டாயும் மட்டிப்பழமும் நல்லது. பழத்தை டப்பாவில் வையுங்கள், பையில் நசுங்கிவிடும்.

விபத்து நடப்பது பெரும்பாலும் பாறையில்தான். தண்ணீர் வழிந்து கருத்த கோடுகள் தெரியும் இடத்தில் பாசி இருக்கும்; காய்ந்ததுபோலத் தெரிந்தாலும் மிதிக்காதீர்கள். சொரசொரப்பான, வெளுத்த பகுதியில் முழுப் பாதமும் படியும்படி வையுங்கள். குதிகாலை முதலில் ஊன்றினால் சறுக்கும். அடிப்பாகம் தேய்ந்த ஷூவும் ரப்பர் செருப்பும் ஆகவே ஆகாது. செங்குத்தான இடத்தில் பாறையைப் பார்த்தபடி திரும்பி, ஏணியில் இறங்குவதுபோல இறங்குங்கள்.

பாதை பிரியும் ஒவ்வொரு இடத்திலும் திரும்பி நின்று, வந்த வழியைப் போனில் படம் எடுங்கள். இறங்கும்போது கண்ணில் படுவது அந்தக் காட்சிதான். மேகம் சூழ்ந்து இருபதடி தள்ளி எதுவும் தெரியவில்லை என்றால் நில்லுங்கள். பத்து நிமிடத்தில் விலகாவிட்டால், உறுதியாகத் தெரிந்த கடைசி இடத்துக்குத் திரும்புங்கள். குறுக்கு வழி தேடிப் புதருக்குள் இறங்கக் கூடாது.

மின்னலுக்கும் இடிக்கும் இடையில் 30 விநாடிக்குக் குறைவாக இருந்தால் இடி 10 கிலோமீட்டருக்குள் வந்துவிட்டது. உடனே உச்சியை விட்டு இறங்குங்கள். நாராயண குரு தவமிருந்த பிள்ளைத்தடம் குகை மேலேதான் இருக்கிறது, ஒதுங்கத் தோன்றும். ஆனால் இடி நேரத்தில் குகை வாசலிலும், நீட்டிக்கொண்டிருக்கும் பாறையின் கீழும் நிற்பது ஆபத்து. பாறையில் பாயும் மின்சாரம் கூரைக்கும் தரைக்கும் இடையே ஆள் வழியாகத் தாவும். தனி மரத்தடியும் வேண்டாம். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆகும்வரை மீண்டும் ஏறாதீர்கள்.

மழை விட்டதும் கல்லிடுக்கிலிருந்து விரியன் வெளியே வரலாம். கண்ணால் பார்க்காத இடுக்கில் கை வைக்காதீர்கள். கடித்தால் கீறவோ கயிறு கட்டவோ வேண்டாம். அசையாமல் உட்கார்ந்து 108-ஐ அழையுங்கள். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை நாகர்கோவிலை ஒட்டியே இருக்கிறது.

அடிவாரம் வந்ததும் முதல் வேலை, வீட்டில் காத்திருப்பவரை அழைப்பது. ஈரச் சட்டையை மாற்றுவதெல்லாம் அதற்குப் பிறகு.