டார்கெட் கேமராவில் புதுத் துளையை உடனே கண்டுபிடிக்க

துப்பாக்கியால் நெடுந்தூரம் சுடும்போது, இலக்கு அட்டையருகே நின்று படத்தைப் போனுக்கு அனுப்பும் டார்கெட் கேமரா வைத்திருந்தால், ஒவ்வொரு குண்டுக்கும் பிறகு போனில் ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். கேலரியில் அதையும் முந்தைய படத்தையும் மாற்றி மாற்றித் தள்ளிப் பார்த்தால், பழைய துளைகள் அசையாமல் நிற்கும். புதிது மட்டும் பளிச்சென்று தோன்றி மறையும்.

.308 ரக ரைஃபிள் குண்டின் விட்டம் 8 மில்லிமீட்டர்கூட இல்லை. 1000 கெஜத்தில், அதாவது 914 மீட்டரில், வெயில் ஏறிக் கானல் அலையத் தொடங்கினால் விலை உயர்ந்த ஸ்பாட்டிங் ஸ்கோப்பிலும் (இலக்கைப் பார்க்கும் தொலைநோக்கி) அந்தத் துளை தெரியாது. கேமரா அட்டைக்குச் சில அடி தள்ளி நிற்பதால் அதற்கு இந்தத் தொல்லை கிடையாது. மாற்றி மாற்றிப் பார்ப்பது எதற்கென்றால், கிடக்கிற துளைகளில் எது புதிது என்று தேடுவதில் நம் கண் மந்தம், மாற்றத்தைப் பிடிப்பதில் படு கெட்டி.

கேமராவை அட்டைக்கு நேர் கீழே வைக்காதீர்கள், தாழ்ந்து வரும் ஒரே குண்டில் காசு போய்விடும். பக்கவாட்டில், ஸ்டாண்டை அழுத்தமாக ஊன்றி வையுங்கள். காற்றில் கேமராவோ அட்டையோ ஆடினால் எல்லாத் துளைகளுமே துள்ளும், இந்த வழி உதவாது. பழைய துளைக்குள்ளேயே குண்டு போனாலும் அப்படித்தான். கடைசித் துளையைத் தானே மின்னிக் காட்டும் செயலி இருந்தால் சரி, இது தேவையில்லை. இரும்பு இலக்குக்கும் வேண்டாம். பெயின்ட் சிதறுவதும் சத்தமும் போதும். இங்கிலாந்தின் பிஸ்லி போன்ற சுடுதளங்களில் இலக்குக்குக் கீழே குழியில் இருப்பவர்களே அட்டையை இறக்கி, பட்ட இடத்தைக் குறித்து ஏற்றிவிடுவார்கள், அங்கும் இது தேவையில்லை.