பொட்டு குழியானது, மல்லிகை மேடானது: தட்டைப் படத்தை ரிலீஃப் ஆக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அவிநாசிப் பக்கம் ஒரு புது வீட்டு நிலைவாசலுக்குக் கஜலட்சுமி ரிலீஃப், அதாவது பலகையிலிருந்தே மேடாக எழும்பி நிற்கும் சிற்பம், கேட்டிருந்தார்கள். 600 மில்லிமீட்டர் அகலம், 300 உயரம், நல்ல தேக்குப் பலகை. வீட்டுக்காரர் ஒரு காலண்டர் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். தொழிலுக்கு வந்த புதிது. படத்தை அப்படியே சாஃப்ட்வேரில் ஏற்றி, வெளிச்சத்தை உயரமாக மாற்றும் கட்டளையைக் கொடுத்து, ரவுட்டரில் (கணினி சொல்படி மரத்தைச் செதுக்கும் இயந்திரம்) ஓட்டிவிட்டேன். பலகையை எடுத்துப்போக வந்த ஆசாரி விரலால் முகத்தைத் தடவிப் பார்த்தார். "ஏனுங்க, பொட்டு வெச்ச எடத்துல குழி விழுந்திருக்குதுங்க? மூக்கு ஊசியாட்டம் குத்துது, தலையில வெச்ச பூ தலையவிட மேல நிக்குதுங்க" என்றார்.

அவர் சொன்ன ஒவ்வொன்றுக்கும் காரணம் ஒன்றுதான். சாஃப்ட்வேருக்கு லட்சுமியும் தெரியாது, மூக்கும் தெரியாது. கறுப்பு என்றால் பள்ளம், வெள்ளை என்றால் மேடு. கறுத்த பொட்டும் கண்ணின் பாப்பாவும் பள்ளமாகின. மூக்கு நுனியில் ஓவியர் வைத்த மினுமினுப்பு ஊசியானது. வெள்ளை மல்லிகை மேடானது. ஓவியத்தில் இருப்பது ஒளி. மரத்துக்கு வேண்டியது உயரம். இந்த இரண்டையும் ஒன்றென்று நினைப்பதுதான் முதல் தவறு, பெரிய தவறும் அதுவே.

உயரத்தைச் சொல்வதற்கென்றே வரைந்த சாம்பல் படம் வேறு. அதில் முன்னால் நிற்பது வெளுப்பாகவும் பின்னால் போவது கறுப்பாகவும் இருக்கும். நிறமோ நிழலோ இருக்காது. அதிலும் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. 8 பிட் படத்தில் கறுப்பிலிருந்து வெள்ளை வரை 256 படிகள்தான். 12 மில்லி ஆழத்தை அதில் பிரித்தால் படி ஒன்றுக்கு ஏறக்குறைய 0.05 மில்லி. கன்னம் போன்ற மெதுவான சரிவில் இது வரிவரியாகத் தெரியும். 16 பிட்டில் 65,536 படிகள். அந்தத் தொல்லை இல்லை. வாட்ஸ்அப்பில் வந்த ஜேபெக் படமோ சுருங்கி வந்திருக்கும். அதன் சின்னச் சின்னக் கட்டங்கள் மரத்திலும் ஏறும். அசல் கோப்பைக் கேட்டு வாங்குங்கள்.

சரி, போட்டோ வேண்டாம், கோட்டுப்படத்திலிருந்து கட்டுகிறோம் என்று வையுங்கள். என் பார்வையில் அதுதான் சரியான வழி. படத்தின் மேல் கோடு இழுத்து, ஒவ்வொரு உறுப்பையும் தனி வெக்டராக்கி (கணினி கணக்காக வைத்துக்கொள்ளும் கோடு), ஒவ்வொன்றுக்கும் வடிவம் கொடுப்பது. ஆஸ்பயர், கார்வ்கோ என்ற இரண்டு சாஃப்ட்வேரிலும் இதே முறைதான். (ஆர்ட்கேம் என்ற பழைய சாஃப்ட்வேரை ஆட்டோடெஸ்க் நிறுவனம் 2018-ல் நிறுத்திவிட்டது, அதன் வழியில் வந்ததுதான் கார்வ்கோ.) கோடு மூடாமல் இருந்தால் வடிவம் எழும்பாது. ஒரே கோடு இரண்டு முறை ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தாலும் சிக்கல். தானாக டிரேஸ் செய்த படத்தில் இவை இரண்டும் ஏராளமாக இருக்கும், தேவையில்லாத புள்ளிகளும் சேர்ந்தே வரும். முதலில் அதைச் சுத்தம் செய்துவிடுங்கள்.

அடுத்து, வெக்டரை உருண்டையாக எழுப்பும் கட்டளை. கை, வயிறு, யானை உடம்பு எல்லாவற்றையும் சேர்த்துப் பிடித்து ஒரே கோணத்தில் உருட்டுகிறவர்கள் அதிகம். அந்தக் கட்டளையில் உயரம் அகலத்தைப் பொறுத்தது. விளிம்பு 45 டிகிரியில் எழும்பும்படி உருட்டினால் 20 மில்லி அகலமுள்ள கை 4 மில்லிதான் எழும்பும். 100 மில்லி அகலமுள்ள யானை வயிறு 20 மில்லிக்கு மேல் போய்விடும். யானை பூசணிக்காய் போல உப்பி நிற்கும், பக்கத்தில் அம்மன் கை நூலாகக் கிடக்கும். உறுப்புக்கு உறுப்பு உயரத்துக்கு வரம்பு வையுங்கள். முகத்தை மட்டும் ஒருபோதும் ஒற்றை உருட்டலில் முடிக்காதீர்கள், பணியாரம் போல வரும். நெற்றி, கன்னம், மூக்கு, உதடு, தாடை எல்லாம் தனித்தனியாகக் கட்ட வேண்டியவை. கஜலட்சுமி வேலையில் பாதி நேரம் முகத்துக்கே போனாலும் அது வீண் இல்லை.

இனி, அதிகம் பேர் தடுக்கி விழும் இடம்: வடிவங்களைச் சேர்க்கும் விதம். யானையின் துதிக்கை அதன் உடம்பைக் குறுக்கே கடந்து கலசத்தைத் தூக்குகிறது. கடக்கும் இடத்தில் உடம்பு 8 மில்லி உயரம், துதிக்கை 4 மில்லி. 'கூட்டு' என்று கொடுத்தால் அந்த இடத்தில் 12 மில்லி. உடம்பின் வளைவோடு துதிக்கையும் ஏறி இறங்கும். உடம்பை விட்டு வெளியே வந்ததும் சட்டென்று 4 மில்லிக்குச் சரிந்துவிடும், ஒடிந்த கிளை மாதிரி. 'உயரமானதை எடு' என்று கொடுத்தால் 8-க்குள் 4 மறைந்துவிடும், துதிக்கையே காணாமல் போகும். இரண்டில் எதை அழுத்துவது என்பது இங்கே கேள்வியே இல்லை. துதிக்கையின் அடிமட்டத்தை முதலிலேயே 6 மில்லிக்கு உயர்த்திவிட்டு, பிறகு உயரமானதை எடுக்கச் சொன்னால் அது 10 மில்லியில் உடம்புக்கு முன்னால் தெளிவாக நிற்கும். வெளியே வரும் பகுதியைச் சரித்துக்கொண்டே போய்க் கலசத்தின் மட்டத்தில் சேர்த்துவிடலாம். வளையல், ஒட்டியாணம், நெற்றிச்சுட்டி போன்றவை உடம்போடு ஒட்டி ஏறி இறங்க வேண்டியவை; அவற்றுக்குத்தான் கூட்டல் சரி. தாமரை இதழ்களுக்குக் கூட்டல் கூடவே கூடாது. இதழ் இதழாக ஒன்றின்மேல் ஒன்று ஏறி நடுவில் ஒரு கட்டி உருவாகும். பின்னிதழைத் தாழ்த்தி, முன்னிதழைச் சாய்த்து, உயரமானதை எடுக்க வேண்டும்.

அதனால் கணினியைத் திறக்கும் முன் ஒரு தாளில் எண் போட்டு வைத்துக்கொள்வது என் வழக்கம்: பின்புறத் திருவாசி 1, யானை 2, தாமரை 3, அம்மன் உடம்பு 4, கை 5, முகம் 6. எது எதற்கு முன்னால் என்று தெரியாமல் மவுஸைத் தொட்டால் நாள் முழுக்கக் கட்டளைகளை மாற்றிக்கொண்டேதான் இருக்க வேண்டும்.

ஆழம் கூடினால் அழகு கூடும் என்ற நம்பிக்கையும் விட வேண்டியதே. பையிலிருக்கும் ரூபாய் நாணயத்தைப் பாருங்கள். சிங்கத் தலைகள் மெல்லிய மேடுதான், ஆனாலும் முகம் தெரிகிறது. விளிம்பு தெளிவாக இருந்தால் போதும். 25 மில்லி பலகை இழைத்தபின் 22 வரும். அதில் 12-க்கு மேல் தோண்டினால் பின்பக்கம் மெலிந்து, வெயில் காலத்தில் பலகை வளையும்.

பேரூர்க் கோயில் கனகசபைத் தூண்களில் இருக்கும் சிற்பங்களைக் காட்டி, "இதே மாதிரி வேணுங்க" என்று கேட்கிறவர்கள் உண்டு. அங்கே கையும் உடம்பும் பிரிந்து நடுவில் இடைவெளி இருக்கும். நாம் செய்யும் ரிலீஃபில் ஒரு புள்ளிக்கு ஒரே உயரம்தான். கைக்குப் பின்னால் குடைய, மேலிருந்து மட்டுமே இறங்கும் மூன்று அச்சு ரவுட்டரால் முடியாது. இதை வேலை எடுக்கும் அன்றே சொல்லிவிடுவது மரியாதை.

அளவு விஷயத்தில் ஒரு சின்னத் தவறு பெரிய நஷ்டம் செய்கிறது. எட்டுக்கு நாலடி ஷீட்டையே வேலை அளவாக வைத்து, மூலையில் ஓரடிச் சிலையைக் கட்டுவார்கள். சாஃப்ட்வேர் உயரத்தைக் குறித்துவைக்கும் புள்ளிகள் முழு ஷீட்டுக்கும் பரவிவிடும். நீளத்துக்கு 2,000 புள்ளி என்றால் புள்ளிக்குப் புள்ளி 1.2 மில்லி, அதில் கண் இமை எப்படி வரும்? சிலைக்குத் தனிக் கோப்பு வைத்து, வேலை அளவையும் அதற்குச் சரியாக வையுங்கள். மழமழப்பாக்கும் கட்டளையை நகை போடுவதற்கு முன் உடம்புக்கு மட்டும் கொடுங்கள். கடைசியில் மொத்தத்துக்கும் கொடுத்தால் முத்தும் உதடும் கரைந்துவிடும்.

ரவுட்டரில் மாட்டும் செதுக்கு பிட்டையும் மறக்க வேண்டாம். 3 மில்லி பால் நோஸ் (உருண்டை நுனி பிட்) 2 மில்லி இடுக்கில் இறங்காது. திரையில் தெரியும் முத்துமாலை மரத்தில் கயிறாக வரும். நுனி நோக்கிச் சிறுத்துப்போகும், 1 மில்லி நுனியுள்ள டேப்பர் பிட் வைத்துக்கொள்ளுங்கள், அல்லது முத்தைப் பெரிதாக்குங்கள். ஸ்டெப்ஓவர் (ஒரு ஓட்டத்துக்கும் அடுத்த ஓட்டத்துக்கும் நடுவே பிட் நகரும் தூரம்) 0.3 மில்லி, நிமிடத்துக்கு 2,000 மில்லி வேகம் என்றால் அந்தக் கஜலட்சுமிப் பலகைக்கு ஃபினிஷிங் மட்டும் 5 மணி நேரம். 0.15 வைத்தால் 10 மணி. விலை பேசும்போதே இதைக் கணக்குப் போடுங்கள்.

கடைசியாக, திரையில் விழும் வெளிச்சம் ஏமாற்றும். சாஃப்ட்வேர் மேல்மூலையிலிருந்து ஒளி காட்டுவதால் எல்லாமே எடுப்பாகத் தெரியும். பூஜையறையில் ஒளி வருவதோ கீழே இருக்கும் குத்துவிளக்கிலிருந்து. ஒளியைக் கீழே இறக்கி ஒருமுறை பாருங்கள். தாடை நிழல் மேலேறி முகம் கடுகடுப்பாகத் தெரிந்தால், தாடையை அரை மில்லி தாழ்த்தி, கன்னத்தை இன்னும் மெதுவாகச் சரித்து, எம்டிஎஃப் (மரநார்ப் பலகை) துண்டில் முகத்தை மட்டும் ஓட்டிப் பார்த்துவிட்டுத் தேக்கை ஏற்றுங்கள்.